ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

போன வாரம் மூன்றாவது முறையாக அதே கூத்து. வண்டியைப் பார்க் கியரில் போட்டுவிட்டு மனைவிக்காகக் காத்திருந்தேன். அவள் ஏறிக் கதவைச் சாத்தியதும், கிளம்பலாம் என்று ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. அதுவரை எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அணைத்தவன் நான்.

"இன்னும் எத்தனை தடவைங்க?" என்றாள். அவளுக்கு இந்த வண்டி மேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. பின்சீட் விசாலமாக இருக்கிறது, ஏசி சீக்கிரம் குளிர்கிறது, அவ்வளவுதான். எனக்கோ இந்த வண்டியைப் பற்றி யாராவது கேட்டால் போதும், நிறுத்த மாட்டேன். யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2009 மாடல் டொயோட்டா கேம்ரி, வி6, அதாவது வி வடிவில் ஆறு சிலிண்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைத் தவிர, நாலு சிலிண்டர் கேம்ரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே நிறம், அதே முகம், அதே பிளாஸ்டிக் மரப்பட்டை. பானெட்டுக்குள் மட்டும் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

ஓடுவதே தெரியாமல் ஓடுவது எப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒருமுறை வெடிக்கும். நாலு சிலிண்டர் என்றால் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. ஆறு என்றால் 120 டிகிரிக்கு ஒன்று. ஒரு பிஸ்டன் வெடிப்பின் அழுத்தத்தில் கீழே இறங்குவதும் 180 டிகிரிதான். ஆக, நாலு சிலிண்டரில் ஒருவர் தள்ளி முடித்த பிறகே அடுத்தவர் தள்ளத் தொடங்குகிறார். நடுவில் யாருமே தள்ளாத ஒரு கணம் வந்து போகிறது. ஆறில் முதலாமவர் கையை எடுப்பதற்கு 60 டிகிரி முன்னாலேயே அடுத்தவர் கை வைத்துவிடுகிறார். 650 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 650 சுற்றில், சும்மா நிற்கும்போது நாலு சிலிண்டருக்கு நொடிக்கு ஏறக்குறைய 22 வெடிப்பு, ஆறுக்கு 32க்கு மேல். அந்த 22-ஐ ஸ்டீயரிங்கில் வைத்த கை எண்ணிவிடும். 32 வந்தால் கைக்கு எண்ண வராது போலிருக்கிறது.

இது பாதிதான். நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆகாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து நிற்பதால் பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேல்பாதியைக் கீழ்பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் சரிக்குச் சரி இல்லை. மிச்சமாகும் அந்த உதறல் கிராங்க்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வண்டியை ஆட்டும். அதை அடக்கத்தான் பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின்களில் இரட்டை வேகத்தில் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்கிறார்கள்.

நேர்வரிசை ஆறில் இந்தத் தொல்லையே இல்லை. முன்பாதி மூன்று பிஸ்டன்களுக்குப் பின்பாதி மூன்றும் கண்ணாடி பிம்பம். எல்லா ஆட்டமும் உள்ளுக்குள்ளேயே கழிந்துபோகும். அப்படியானால் எல்லோரும் அதையே செய்ய வேண்டியதுதானே? நீளம் இடம் கொடுக்காது. முன்சக்கரம் இழுக்கும் குடும்ப செடானில் எஞ்சினைக் குறுக்காகப் படுக்க வைக்க வேண்டும். ஆறு சிலிண்டரை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் கியர் பாக்ஸையும் வைத்தால் அகலம் போதாது. வால்வோவின் எஸ்80-யிலும் டேவூவின் மேக்னஸிலும் பிடிவாதமாகச் செய்து காட்டினார்கள். மற்றவர்கள் வி வடிவத்துக்கே போனார்கள். வி6-ஐ முதலில் தொடர் உற்பத்திக் காரில் கொண்டுவந்தது 1950-ல் லான்சியா ஆரேலியா. அப்போதே 60 டிகிரி கோணத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். என் வண்டியிலும் அதே 60.

வி6 என்பது உண்மையில் இரண்டு மூன்று-சிலிண்டர் எஞ்சின்கள் ஒரே கிராங்க்கில் குடித்தனம் நடத்துவது. ஒவ்வொரு மூன்றும் சீசா மாதிரி முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். நேர்வரிசை ஆறின் பூரணம் இதற்கு இல்லை. மிச்சத்தை எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் விழுங்கிக்கொள்கிறது. நேர்வரிசை ஆறு உள்ள பிஎம்டபிள்யூ ஓட்டுகிற நண்பர் ஒருவர் இந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் காரின் பின்சீட்டு நடுவில் உட்கார்ந்தால் கால் வைக்க இடமில்லை.

என் வண்டியில் இருக்கும் எஞ்சினின் பெயர் 2ஜிஆர்-எஃப்இ. 3,456 சிசி, போர் 94 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 83. அகலமான சிலிண்டர், குட்டையான ஓட்டம். அதாவது சுற்றப் பிறந்த எஞ்சின். 6,200 ஆர்பிஎம்மில் 268 குதிரைத்திறன், 4,700-ல் 336 நியூட்டன் மீட்டர் டார்க். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். காற்றை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட், இரண்டு பக்க வால்வுகளையும் திறக்கும் கேம்களின் டைமிங்கும் ஓட ஓட மாறும். இதே எஞ்சின், குடும்பங்களுக்கான பெரிய எஸ்யூவிகளிலும் வேன்களிலும் கிடந்து உழைத்தது. இதையே எடுத்து லோட்டஸ்காரர்கள் எவோராவின் நடுவயிற்றில் வைத்தார்கள், அதுவும் 2009-ல்தான் வந்தது. மளிகைப் பை சுமக்கும் என் காரும் அந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே எஞ்சினால் சொந்தக்காரர்கள் என்று நினைக்கும்போது வரும் சந்தோஷம் அற்பமானதுதான். இருந்தாலும் சந்தோஷம்.

ஓட்டும்போது இது இரண்டு வண்டி. மூவாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே ஒரு பெரியவர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரில் முள் 2,000-ஐத் தொடாது; டயர் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் கேட்கும். பெரும்பாலான நாட்கள் நான் அதைத் தாண்டுவதே இல்லை. மூவாயிரத்து ஐந்நூறு வாக்கில் இன்டேக் பக்கமிருந்து ஒரு கரகரப்பு கிளம்பும், தொண்டையைச் செருமிக்கொள்வது போல. அதற்குப் பிறகு ஆறாயிரம் வரை ஒரே இழுவை, நடுவில் தொய்வு இல்லை. இந்த எஞ்சினின் மிகச் சிறந்த குணம் அந்த வேகமில்லை. கால் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு கொடுப்பது. ஒரு சென்டிமீட்டர் மிதித்தால் ஒரு சென்டிமீட்டருக்கான பதில். டர்போ வண்டிகளில் நான் ஓட்டிப் பார்த்தவரை, கேட்டதற்குக் கொஞ்சம் தாமதமாக, கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாக வருகிறது.

கியர் பாக்ஸ் அந்தக் குணத்தைக் கெடுக்கிறது. ஆறு கியர் ஆட்டோமேட்டிக் எப்போதும் மைலேஜ் நினைப்பிலேயே இருக்கும். மேல் கியரில் போய் ஒளிந்துகொள்ளும். லாரியை முந்த வேண்டி சடாரென்று மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்பது போல ஒரு நிதானம். அப்புறம் ஒரேயடியாக இரண்டு மூன்று கியர் இறங்கி, முள் ஐயாயிரத்துக்குத் தாவி, மொத்தக் குடும்பத்தின் தலையும் சீட்டில் போய் ஒட்டும். என் பையனுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இப்போதெல்லாம் முந்துவதற்கு முன்பே நெம்புகோலை எஸ் பக்கம் தள்ளி, நாலாவதில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். அப்படிச் செய்தால் தாமதமே இல்லை.

அடுத்தது முன்சக்கரங்கள். 268 குதிரைகளையும் இழுப்பது அவைதான், திரும்புவதும் அவைதான், எஞ்சின் எடையைச் சுமப்பதும் அவைதான். நின்ற இடத்திலிருந்து முழுக்க மிதித்தால் ஸ்டீயரிங் கைக்குள் நெளியும், ஒரு பக்கமாக இழுக்கும். மழையில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். வளைவில் வேகமாக நுழைந்தால் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். உடம்பு சாய்ந்து, ஒரு கணம் யோசித்து, பிறகுதான் திரும்பும். சஸ்பென்ஷன் குழிகளுக்காகப் பிறந்தது, வளைவுகளுக்காக அல்ல. எஞ்சினுக்குத் தகுந்த சேசிஸ் இல்லை என்று கார் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் எனக்கு அந்தப் பொருத்தமின்மையே பிடித்திருக்கிறது. வளைவில் அடங்கி, நேர்பாதையில் மட்டும் அவ்வப்போது வாயைத் திறப்பது என்று நாங்கள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டோம்.

மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள். நகரத்தில் எட்டு, நெடுஞ்சாலையில் பதின்மூன்று.

இந்த வகை வண்டி இனி வராது. ஹோண்டா அக்கார்டில் 2018 மாடலோடு வி6 போய், 2 லிட்டர் டர்போ வந்தது. 1,500 ஆர்பிஎம்மிலேயே 370 நியூட்டன் மீட்டர். டார்க் கணக்கில் என் வண்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கேம்ரியில் 2024 வரை வி6 தாக்குப்பிடித்தது, கடைசியில் 301 குதிரைத்திறன். 2025 மாடலிலிருந்து எல்லாமே ஹைப்ரிட், நாலு சிலிண்டர். அதில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். சிக்னலில் எஞ்சின் முழுக்க நின்றுவிடுகிறது. அமைதியில் என் ஆறு சிலிண்டரைத் தோற்கடித்துவிட்டார்கள், ஓடாமல் இருப்பதன் மூலம்.

போன மாதம் ஸ்பார்க் பிளக் மாற்றினேன். முன்வரிசை மூன்றும் கால் மணி நேர வேலை. பின்வரிசை மூன்றும் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டை ஒட்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கிடக்கின்றன. மேனிஃபோல்டைத் தூக்காமல் கை போகாது. "அண்ணே, இத வீட்ல வச்சுப் பண்ணாதீங்க" என்று எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி சொன்னான். கேட்டிருக்கலாம். குழாய்களைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, மேனிஃபோல்டைத் தூக்கியதும் கீழே சிலிண்டருக்குப் போகும் துளைகள் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தன. துணி அடைக்க வேண்டும் என்று தெரியும். இரண்டை அடைத்துவிட்டு மூன்றாவதற்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தபோது, முழங்கை பட்டு ஒரு போல்ட் உருண்டது. டிங். இன்னொரு டிங். அப்புறம் சத்தமே இல்லை.

முக்கால் மணி நேரம் டார்ச்சும் காந்தக் குச்சியுமாகத் தேடினேன். அடைக்காத துளைகளுக்குள் எத்தனை முறை எட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் போனாள். கடைசியில் வண்டியின் அடித்தட்டுப் பிளாஸ்டிக்கில், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து மேசை நடுவில் வைத்துவிட்டுத்தான் காப்பியைக் குடித்தேன். ஆறியிருந்தது.

கழற்றிய ஆறு பிளக்குகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஆறும் ஒரே வெளிர்பழுப்பு, ஒன்றில்கூட எண்ணெய்க் கறை இல்லை. 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.3 ஆகியிருந்தது. இத்தனை ஆண்டு ஓட்டத்தில் தேய்ந்தது அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பூட்டிப் பட்டனை அழுத்தினேன். இரண்டு நொடி உறுமிவிட்டு அடங்கியது. புது பிளக் போட்டதும் வண்டி பறந்தது என்று எழுத ஆசைதான். ஒரு சுற்றுப் போய்வந்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திரும்பி வந்து நிறுத்திவிட்டு இறங்கும்முன் டாக்கோமீட்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். 650.