முறுக்கு சுடுற வீட்டுல பல்லுக்கு கிளிப்பு போட்டுக்கிட்டு ரெண்டு வருஷம்

எனக்கு கிளிப்பு போட்டப்ப வயசு 32, பையன் ரெண்டாங்கிளாஸ். முன்பல்லு ரெண்டும் எத்திக்கிட்டு இருக்கும், கீழ்வரிசைல இடம் பத்தாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும். சின்ன வயசுல அப்பாகிட்ட வசதி இல்ல, அப்புறம் எனக்கு நேரமில்ல, அப்படியே போயிருச்சு. கீழ்ப்பல்லு இடுக்குல காரை சேந்து சேந்து ஈறுல ரத்தம் வர ஆரம்பிச்சதும் பல் டாக்டர்தான் இத நேராக்குனாத்தான் உங்களால ஒழுங்கா தேய்க்கவே முடியும்னு சொல்லி அனுப்பிவிட்டார். அழகுக்காக போடலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், உள்ளுக்குள்ள அதுவும் ஒரு காரணந்தான், அத ஏன் மறைப்பானேன்.

சிக்கல் என்னன்னா எங்க வீடு. நாங்க மணப்பாறை, அத்தை வீட்டுலயே முறுக்கு போட்டு கடைகளுக்கு குடுக்குறாங்க. கல்யாணமாகி வந்ததுலருந்து முதல் ஈடு முறுக்க கடிச்சு பாத்து உப்பு, பதம் சொல்றது என் வேலை. மருமகளுக்கு வாய்ருசி நல்லா இருக்குன்னு அத்தை அக்கம்பக்கத்துல பெருமையா சொல்லுவாங்க. அந்த வாய்க்குள்ளதான் கம்பி.

2022 ஆவணில ஆரம்பிச்சோம். திருச்சி தில்லைநகர்ல ஒரு கிளினிக், பஸ்ல ஒரு மணி நேரம். நான் வேலை பாக்குற ஆடிட்டர் ஆபீஸும் திருச்சிலதாங்கறதால வசதியா போச்சு. மொத்தம் 45,000 ரூபா, முதல்ல 10,000, மிச்சத்த மாசாமாசம். எக்ஸ்ரே எடுத்தாங்க, ட்ரேல பிங்க் கலர்ல கொழகொழன்னு மாவ வெச்சு வாய்க்குள்ள அழுத்தி அச்சு எடுத்தாங்க, மேல்தாடைக்கு வெக்கும்போது குமட்டும், மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு தலைய கொஞ்சம் முன்னாடி குனிஞ்சுக்கிட்டா சமாளிக்கலாம். இடம் வேணும்னு நாலு பல்ல பிடுங்கணும்னாங்க, கோரைப்பல்லுக்கு அடுத்தாப்ல இருக்குமே அது, மேல ரெண்டு கீழ ரெண்டு. நல்ல பல்ல எதுக்கு பிடுங்குறதுன்னு வீட்டுல ஒரு வாரம் சண்டை. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுக்குறாங்க, ஒரு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு ரெண்டா, நான் பயந்த அளவுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. அதவிட தொல்லை, கிளிப்புக்கு முன்னாடி கடவாய்ப்பல்லு இடுக்குல ஒரு குட்டி ரப்பர் வளையம் சொருகுவாங்களே அதுதான். மட்டன் நார் மாட்டுனா எப்படி நாக்கு அங்கயே போயிட்டு வரும், அந்த மாதிரி அஞ்சு நாள்.

கிளிப்பு ஒட்டுற அன்னிக்கு வலியே கிடையாது. ஒண்ணரை மணி நேரம் வாய இழுத்து பிடிச்சு வெச்சிருப்பாங்க, நீலமா ஒரு ஜெல்லு தடவி கழுவி, பசை வெச்சு, ஒவ்வொரு பல்லா நீல லைட்ட காட்டுவாங்க, அவ்வளவுதான். வலிக்கவே இல்லையேன்னு சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறுனேன். ராத்திரி தோசைய வாயில வெச்சப்பதான் தெரிஞ்சுது. பல்வலி மாதிரி சுருக்குன்னு இருக்காது, எல்லா பல்லும் அடிபட்டு கன்னிப்போன மாதிரி, மெத்துன்னு இருக்குற தோசை கூட கல்லு மாதிரி இருந்துச்சு. மூணு நாள் அப்படி, நாலாவது நாள் பரவால்ல, ஒரு வாரத்துல மறந்தே போச்சு. மாசாமாசம் இறுக்கிட்டு வரும்போதும் இதே கணக்குதான், ரெண்டு மூணு நாள். அதனால நான் வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கிட்டேன், வெள்ளி ஒரு நாள் பல்ல கடிச்சுக்கிட்டு, சாரி கடிக்காம, ஆபீஸ்ல ஓட்டிட்டா அப்புறம் சனி ஞாயிறு வீடு. வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போதும்னார் டாக்டர், வேற சில வலி மாத்திரைய அடிக்கடி போட்டா பல்லு நகர்றது மெதுவாகலாமாம்.

அந்த முதல் வாரத்துல ஒண்ண கவனிச்சேன். காலைல சூடா காபி குடிச்சா பல்லு இன்னும் இறுகுற மாதிரி இருக்கும், மோர் குடிச்சா அப்படியே தளரும். மனப்பிராந்தின்னு நெனச்சு டாக்டர்கிட்ட கேட்டா இல்லம்மா அது நெசந்தான்னார். ஆரம்பத்துல போடுற மெல்லிசு கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது, எனக்கு போட்டது 0.014 இன்ச், வாய்ச்சூட்டுல விறைச்சு பழைய வடிவத்துக்கு போகப் பாக்கும், குளிர்ச்சி பட்டா நெகிழ்ந்துக்கும், அதுலதான் பல்லு நகருதுன்னு சொன்னார். அதுக்கப்புறம் இறுக்குற நாள்ல எனக்கு ரசமும் கிடையாது காபியும் கிடையாது, ஃப்ரிட்ஜ்ல வெச்ச தயிர்சாதந்தான், முழுங்குறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் வாயிலயே வெச்சிருப்பேன். இத யாரும் முன்னாடியே சொல்லலியேன்னு இருந்துச்சு.

அடுத்தது புண்ணு. கன்னத்து உள்பக்கம் உரசி உரசி ஏழெட்டு எடத்துல புண்ணாயிரும். குட்டி டப்பால மெழுகு குடுப்பாங்க, நான் அத அப்படியே கம்பி மேல அப்பி அப்பி பாத்தேன், அஞ்சு நிமிஷத்துல கழண்டு சோத்தோட வயித்துக்குள்ள. அப்புறந்தான் கிளினிக்ல இருந்த அக்கா சொன்னாங்க, முதல்ல அந்த எடத்த பஞ்சால எச்சில் இல்லாம துடைச்சிரு, மெழுக விரல்ல உருட்டி அரிசி சைஸ்ல ஆக்கி அப்புறம் அழுத்துன்னு. அப்படி செஞ்சா ராத்திரி பூரா நிக்குது. காலைல ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ வெதுவெதுப்பா உப்புத்தண்ணில கொப்புளிச்சேன், மூணு வாரத்துல கன்னம் பழகிருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி கடைசில இருக்குற கம்பி நீண்டு வந்து குத்த ஆரம்பிச்சது, மெழுகும் தீந்துபோச்சு, கிளினிக்கும் லீவு. அத்தை மெழுகுவர்த்திய உருக்கட்டுமான்னு கேக்குறாங்க, அவங்க சீரியஸா கேட்டாங்க. பையனோட புது ரப்பர கழுவி, பென்சில் அழிக்கிற ரப்பர்தான், கண்ணாடி முன்னாடி நின்னு கம்பி நுனிய பல்லு பக்கமா மெதுவா அழுத்தி மடக்கி விட்டேன், மறுநாள் போய் வெட்டிக்கிட்டேன்.

சாப்பாட்டுல முறுக்கு, சீடை, கரும்பு, எலும்பு கடிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாத எதிரி வேற இருக்கு. சப்பாத்தி மெத்துன்னுதானே இருக்குன்னு நெனச்சேன், அது மென்னா பசையாகி கம்பிய சுத்திக்குது, பரோட்டா அதவிட மோசம். தாளிச்ச கடுகு கரெக்டா கம்பிக்கு அடியில போய் கருகமணி கோத்த மாதிரி உக்காந்துக்கும், தேங்காப்பூ, கீரை பத்தி சொல்லவே வேணாம், ஆபீஸ்ல கீரை சாப்பிட்டுட்டு கண்ணாடி பாக்காம கிளையன்ட்கிட்ட சிரிச்சு பேசிட்டேன் ஒரு நாள். இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைய வடிச்ச சோறு, வாழப்பழம், பப்பாளி, முட்டை இதுலதான் ஓடுச்சு. கொய்யா ஆப்பிள் எல்லாம் முன்பல்லால கடிக்காம மெல்லிசா சீவி கடவாய்ல வெச்சு மென்னுக்கலாம், ஒரேயடியா விட வேண்டியதில்ல. மூணு கிலோ குறைஞ்சேன், அது லாபம்.

இன்னொண்ணு மஞ்சத்தூள். கிளிப்ப சுத்தி கலர் கலரா குட்டி ரப்பர் போடுவாங்க, எனக்கு வெளிய தெரியாம இருக்கட்டும்னு முதல் மாசம் வெள்ளையா கண்ணாடி மாதிரி இருக்குறத கேட்டேன். மூணே நாள் சாம்பார்ல எல்லாம் மாம்பழ மஞ்சளா ஆயிருச்சு, பாக்குறவங்க பல்லே தேய்க்காம வந்துட்டாளோன்னு நெனச்சிருப்பாங்க. நம்ம சமையலுக்கு அந்த வெள்ளை சரிப்படாது. சாம்பல் கலர், கருநீலம் ரெண்டும் தாங்கும். அப்புறம் கலர் சொல்ற பொறுப்ப பையனுக்கு குடுத்துட்டேன், ஒரு மாசம் பச்சையும் மஞ்சளும் மாத்தி மாத்தி போடச் சொன்னான், போட்டேன்.

2023ல மணப்பாறை முறுக்குக்கு புவிசார் குறியீடு கெடச்சுது, ஊரே அத பத்தி பேசுது, அத்தைக்கு தலைகால் புரியல, நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க ஊரு முறுக்க ரெண்டு தடவ எண்ணெயில போட்டு எடுப்பாங்க, முதல்ல அரைவேக்காடா, ஆறுனப்புறம் மறுபடி, அந்த ரெண்டாவது ஈடு வாசம் வரும்போது மனுஷன் எப்படி சும்மா இருக்குறது. அஞ்சாவது மாசம் ஒரு நாள் காபில ஊற வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு ஒரு துண்டு போட்டேன். வெளில ஊறியிருக்கு, நடுவுல ஊறல. கடக்குன்னு ஒரு சத்தம், முறுக்கு சத்தமில்லன்னு உடனே தெரிஞ்சுது. கீழ ஒரு பல்லுல ஒட்டுனது பேந்து கம்பியிலயே இப்படியும் அப்படியும் வழுக்கிட்டு இருக்கு. மறுபடி ஒட்ட 300 ரூபா, அத விடுங்க, அந்தப் பல்லு கொஞ்சம் திரும்பிருச்சுன்னு பழைய மெல்லிசு கம்பிக்கே போய் ஒரு மாசம் வீணாச்சு. டாக்டர் திட்டல, எந்த கடை முறுக்குன்னு மட்டும் கேட்டார்.

அதுக்கப்புறம் வழி ஒண்ணு கண்டுபிடிச்சேன். முறுக்க காதுகிட்ட வெச்சு ஒடிச்சு பாக்குறது. பதமா இருந்தா ஒரே சத்தத்துல உடைஞ்சு தூளு உதிரும், உள்ள வேகலன்னா சத்தம் மந்தமா இருக்கும், உடையாம கொஞ்சம் வளையும். உப்புக்கு தூள நாக்குல வெச்சா போதும். முதல்ல அத்தை நம்பல, அவங்க ஒண்ண கடிச்சு பாத்துட்டு ம்ம்னு ஒரு தடவ தலையாட்டுனாங்க, வேலை போகாம தப்பிச்சேன்.

உண்மையா சொன்னா வலியும் சாப்பாடும் பழகிரும், பழகாதது தேய்க்கிற வேலை. ஒவ்வொரு தடவ சாப்பிட்டதும் முதல்ல நல்லா தண்ணிய கொப்புளிச்சு துப்பணும், அப்புறம் கம்பிக்கு மேல இருந்து கீழ் பாத்து சாய்ச்சு ஒரு தடவ, கீழ இருந்து மேல் பாத்து ஒரு தடவ, அப்புறம் பாட்டில் கழுவுற பிரஷ்ஷோட குட்டி மாதிரி ஒரு இடுக்கு பிரஷ் இருக்கு, அத கம்பிக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு எடுக்கணும். எட்டு நிமிஷம் ஆகும். ஆபீஸ் வாஷ்பேசின்ல நின்னு தேய்க்க முதல்ல கூச்சமா இருந்துச்சு, ரெண்டு நாள் மத்தியானம் தேய்க்காம விட்டுட்டேன் கூட. அந்த மாசம் கிளினிக்ல ஒரு காலேஜ் பொண்ணுக்கு கிளிப்பு கழட்டுனாங்க, பல்லெல்லாம் அழகா வரிசையா இருக்கு, ஆனா கிளிப்பு இருந்த எடத்த சுத்தி கட்டம் போட்ட மாதிரி சுண்ணாம்பு வெள்ளைல தடம். தேய்க்காம விட்டா கிளிப்ப சுத்தி அழுக்கு படிஞ்சு அது விடுற அமிலத்துல பல்லோட சுண்ணாம்பு சத்து கரைஞ்சு அப்படி ஆகுமாம். பஸ்ல வரும்போது பூரா அதான் கண்ணுல. மறுநாள்லருந்து பையன் பென்சில் பவுச்சுல பிரஷ், இடுக்கு பிரஷ், குட்டி கண்ணாடி, மெழுகு எல்லாம் போட்டு ஹேண்ட்பேக்ல, கூச்சம் கீச்சமெல்லாம் போயிருச்சு.

இடைவெளி மூடுறதுக்கு மாசம் ஒரு மில்லிமீட்டர் தோராயமா நகரும்னாங்க, முறுக்குல போடுற எள்ளு அகலத்துல பாதி. கம்பி ஒரு பக்கம் அழுத்துனா அந்தப் பக்கம் எலும்பு கரைஞ்சு வழி விடணும், பின்னாடி புது எலும்பு வளரணும், அதுக்குத்தான் இவ்வளவு நாளாம். பையன் ஞாயித்துக்கிழமை தோறும் டார்ச் அடிச்சு பாத்து இன்னும் ஓட்டை இருக்கும்மான்னு ரிப்போர்ட் குடுப்பான். ரெண்டாவது வருஷம் மேலயும் கீழயும் கொக்கில மாட்டுற ரப்பர் குடுத்தாங்க, நாமளே மாட்டணும், சாப்பிடும்போதும் தேய்க்கும்போதும் தவிர நாள் பூரா. பாக்கெட்ல ஒரு மிருகப் படம் இருக்கும், எனக்கு நரி. ஒரு தடவ கொட்டாவி விட்டேன், ரப்பர் அறுந்து பறந்து ஆடிட்டர் சார் டேபிள்ல இருந்த ஃபைல் மேல விழுந்துச்சு, சார் அத பாத்தார், என்னை பாத்தார், ஒண்ணும் கேக்கல. இந்த ரப்பர்ல ஏமாத்துனா டாக்டருக்கு அடுத்த மாசமே தெரிஞ்சுரும், நான் தீபாவளி வாரம் ஏமாத்தி மாட்டிக்கிட்டேன்.

ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சு 2024 ஐப்பசில கழட்டுனாங்க. இடுக்கியால நெருக்கும்போது டக்கு டக்குன்னு சத்தம், அப்புறம் மிச்சப் பசைய சுரண்டுறது, அது ரம்பம் மாதிரி கேக்கும் ஆனா வலிக்காது. நாக்கால தடவுனா பல்லு ஆத்துக் கூழாங்கல்லு மாதிரி வழுக்குது, ரெண்டு நாள் நாக்கு அங்கயேதான் இருந்துச்சு. ஈறுல இருக்குற நார் ஒரு வருஷம் வரைக்கும் பல்ல பழைய எடத்துக்கு இழுக்குமாம், அதனால கீழ்ப்பல்லு பின்னாடி மெல்லிசா ஒரு கம்பி ஒட்டி, மேலயும் கீழயும் மாட்ட, பல்ல நகர விடாம பிடிச்சு வெக்கிற, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை, ரீடெய்னர்னு பேரு, ரெண்டு குடுத்து அனுப்புனாங்க.

முதல் வாரம் அந்த ரீடெய்னர்ல ஒரு மாதிரி வாசம் வருதேன்னு, பால்பாட்டில் கொதிக்க வெச்சு பழகுன கையில்லையா, நல்லா கொதிக்கிற தண்ணிய எடுத்து ஊத்திட்டேன். கண்ணு முன்னாடியே பொரிச்ச அப்பளம் மாதிரி சுருண்டு போச்சு. வேற செய்ய 3,000 ரூபா, மறுபடி அந்த பிங்க் மாவு, மறுபடி குமட்டல். இப்ப பச்சத்தண்ணிதான்.