சிஜிநாட்டைத் தாண்டி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்எஸ்எச் டனல்

ஊரில் வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, குடும்பப் புகைப்படங்களையும் வேலைக் கோப்புகளையும் அதில்தான் வைத்திருக்கிறேன். வெளியூரில் இருந்து அதற்குள் நுழைய ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தரும் வெளிப்பக்க ஐபி முகவரி, 100.72 என்று தொடங்கியதைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் சிஜிநாட் (CGNAT) என்ற முறைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இதில் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் தருகிறது. என் ரவுட்டரில் எதைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு அதுவரை வந்து சேராது.

உள்ளிருந்து வெளியே போவதற்கு இந்தத் தடை கிடையாது. எனவே மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரே போய் அதோடு இணையும்படி செய்தேன். எஸ்எஸ்எச் (SSH) என்பது வேறொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் கருவி. அதன் கட்டளையில் பெரிய ஆர் (-R) போட்டு 2222:லோக்கல்ஹோஸ்ட்:22 என்று கொடுத்தால், சர்வரின் 2222 போர்ட்டுக்கு வருவதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்எச் இருக்கும் 22-ஆம் போர்ட்டுக்குப் போய்விடும். கூடவே பெரிய என் (-N) போட்டால் ஷெல் (கட்டளை அடிக்கும் திரை) திறக்காமல் டனல், அதாவது இந்த இணைப்புப் பாதை, மட்டும் நிற்கும்.

இந்த 2222 சர்வரின் 127.0.0.1-இல், அதாவது சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரியில், மட்டுமே திறக்கும். வெளியிலிருந்து நேராக வர முடியவில்லையே என்று பலர் கேட்பதும், உடனே அந்தப் போர்ட்டை வெளி உலகுக்கும் திறக்கும் கேட்வேபோர்ட்ஸ் (GatewayPorts) என்ற சர்வர் அமைப்பை ‘யெஸ்’ ஆக்கச் சொல்லி யாராவது பதில் தருவதும் வழக்கம். நான் அதைத் தொடவே இல்லை. தொட்டால் வீட்டு லாகினை உலகத்துக்கே திறந்துவிட்டதாக ஆகும். அதற்குப் பதில் லேப்டாப்பில் பெரிய ஜே (-J) போட்டு, சர்வர் வழியாகத் தாவி லோக்கல்ஹோஸ்ட் 2222-க்குப் போகிறேன். இதில் உள்ளே ஓடும் எஸ்எஸ்எச் லேப்டாப்பிலிருந்து வீடு வரை தனியாக என்க்ரிப்ட் ஆகிறது. நடுவில் இருக்கும் வாடகை சர்வரால் அதைப் படிக்க முடியாது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

படுத்தி எடுத்தது கரன்ட் கட். கரன்ட் வந்து கம்ப்யூட்டர் எழுந்ததும் டனல் இணைந்ததாகக் காட்டும், ஆனால் உள்ளே போக முடியாது. லாகில் ‘போர்ட் 2222-க்கு ஃபார்வர்டிங் தோல்வி’ என்று ஒரு வரி கிடந்தது. செத்துப்போன பழைய இணைப்பை சர்வர் இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்து, போர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் கிளையன்ட்அலைவ்இன்டர்வலை (ClientAliveInterval) சர்வரில் 30 என்று வைத்தேன். மூன்று முறை பதில் வராவிட்டால், அதாவது சுமார் 90 விநாடியில், பழையது கழன்றுவிடும். வீட்டுப் பக்கம் எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர் (ExitOnForwardFailure) ‘யெஸ்’. போர்ட் கிடைக்காவிட்டால் சும்மா நிற்காமல் வெளியேறிவிடும். அப்புறம் லினக்ஸில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி பத்து விநாடிக்கு ஒருமுறை திரும்ப எழுப்பிக்கொண்டே இருக்கும்.

டனலுக்கென்று தனி இடி25519 (ed25519) வகை எஸ்எஸ்எச் சாவி, கடவுச்சொல்லுக்குப் பதில் லாகினுக்குப் பயன்படும் கோப்பு. யாருடைய சாவிகளை ஏற்பது என்று பட்டியலிடும் சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் (authorized_keys) கோப்பில் அந்தச் சாவிக்கு முன்னால் ‘ரெஸ்ட்ரிக்ட்’, ‘போர்ட் ஃபார்வர்டிங்’, ‘பெர்மிட்லிசன் லோக்கல்ஹோஸ்ட்:2222’, ‘கமாண்ட் /bin/false’ என்று எழுதினேன். வீட்டுக் கம்ப்யூட்டரை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் அந்தச் சாவியால் சர்வரில் ஷெல் திறக்க முடியாது. இந்த ஒரு வரியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

புகைப்படங்களைப் பார்க்கும் வெப் பக்கம் வீட்டில் 8080-இல் ஓடுகிறது. அதற்கு சர்வரில் புதிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. லேப்டாப் கட்டளையில் பெரிய எல் (-L) போட்டு 8080:லோக்கல்ஹோஸ்ட்:8080 சேர்த்தேன், பிரவுசரில் திறந்துகொண்டது.