நான்கு நாள் பிசகிய கணக்கு

தேனீ வளர்ப்புத் தேர்வில், ராணித் தேனீ மாற்றும் தாளில் இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றேன் என்ற செய்தி, சென்ற வெள்ளிக்கிழமை ஈசூனிலிருந்து வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசிக்கு வந்தது. மகிழ்ச்சியைவிட எரிச்சலே மேலோங்கியது. பாடம் முழுதும் தெரிந்திருந்தும், எண்ணத் தொடங்கும் நாளைத் தவறவிட்டே முதல் முறை தோற்றிருந்தேன்.

ஒன்றாம் தேதி புழு மாற்றினால், அதாவது இளம் புழுவை ஊசியால் எடுத்து ராணி வளர்க்கும் கிண்ணத்தில் வைத்தால், முதிர்ந்த ராணி அறைகளை ஒவ்வொரு ராணிக்கும் தனியான சிறு இனச்சேர்க்கைப் பெட்டிகளுக்கு எப்போது பிரித்து வைப்பது என்பதே அந்தக் கேள்வி. முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள் என்பது, பதினாறாம் நாள் காரியம் பார்த்து வளர்ந்த நமக்கு மறக்காத எண்தான். ஆனால் ஊசி முனையில் நாம் எடுப்பது, 3 நாள் முட்டையாகக் கிடந்து, பொரித்து ஒரு நாளும் ஆகாமல், தேனீக்கள் ஊட்டும் அரசக் கூழ்த் துளியில் காற்புள்ளிபோல் வளைந்து மிதக்கும் புழுவை. ஆகவே புழு மாற்றும் நாளே நான்காம் நாள். 13ஆம் தேதி ராணி வெளிவந்துவிடும், 11ஆம் தேதியே பிரித்தாக வேண்டும். நான் 15 என்று எழுதினேன். அதற்குள் முதலில் வந்த ராணி மற்ற அறைகளின் பக்கவாட்டைத் துளைத்து, உள்ளிருக்கும் தங்கைகளைக் கொட்டிக் கொன்றிருக்கும்.

இம்முறை தேக்காவில் வாங்கிய தினசரி நாட்காட்டியில் 16 தாள்களைக் கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி, நான்காம் தாளில் சிவப்பு மையால் ஓர் ஊசியை வரைந்து வைத்தேன். தேர்வறையிலும் கேள்வியைப் படிக்குமுன் அந்த வரிசையையே ஓரத்தில் எழுதினேன். நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். குழுவாகப் படிப்போர் கோபிக்கலாம். குழுவில் கழித்த மாலைகள் எனக்கு வீண்.

மற்றவை சுருக்கமாக:

- அடையின் நடுப்பரப்பில் ஒன்றிரண்டு ராணி அறைகள் இருந்தால் தேனீக்களே கிழ ராணியை மாற்றுகின்றன. கீழ் விளிம்பில் பல தொங்கினால் கூட்டம் பிரியப்போகிறது.
- முதுமைக்கு அடையாளம் கேட்டால் 'முட்டை குறையும்' என்று நிறுத்தாதீர்கள். சேமித்த விந்து தீர்வதால் வேலைக்காரத் தேனீ அறைகளில் ஆண் புழுக்கள் தோன்றுவதையும் எழுதுங்கள்.
- பழைய ராணியை எடுத்த பின்பே புதியதைக் கூண்டில் வைக்க வேண்டும். தேனீக்கள் கூண்டுக் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தால் திறந்துவிடக் கூடாது.
- ராணியின் முதுகில் இடும் அடையாள வண்ணம், அது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கப்படி: 1, 6 வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம்.

சிங்கப்பூரில் நாம் பார்த்துப் பழகியது ஆசியத் தேனீயான ஏபிஸ் செரானா. தாள் கேட்பதோ ஐரோப்பியத் தேனீயான ஏபிஸ் மெல்லிபெரா. குளிர்காலத்துக்கு முன் ராணியை மாற்றுவதன் பயனைக் கேட்டபோது, ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மட்டுமே கண்ட எனக்குப் பேனா நகரவில்லை. இளம் ராணி இலையுதிர் காலத்திலும் தொடர்ந்து முட்டையிடுவதால் குடும்பம் வலுவோடு குளிரைக் கடக்கும், அடுத்த வசந்தத்தில் பிரியும் நாட்டமும் குறையும் என்று எழுதினால் போதும்.

சுவரிலிருந்த தாள்களை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த நிலைக்கு ஆண் தேனீயின் 24 நாளும், அது முதிர மேலும் இரண்டு வாரமும் சேர்வதால், புதிதாகத் தாள்கள் கிழிக்க வேண்டியிருக்கிறது.