எங்க அம்மாகிட்டயும் பேசுறீங்களா?

சப்போர்ட் குரூப்னு சொன்னாலே நமக்கு மனசுல வர்றது நம்மள மாதிரி நாலு கே பசங்க, லெஸ்பியன் பொண்ணுங்க வட்டமா உக்காந்து பேசுறது தானே, நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். ஆனா நான் எங்க அம்மாகிட்ட சொன்ன அன்னைக்கு நைட்டு, இத்தனை வருஷ பாரத்த இறக்கி வச்சிட்டு நான் நல்லா தூங்கிட்டேன், எந்திரிச்சு பாத்தா அம்மா உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு யாரு சப்போர்ட்டு? யார்கிட்ட போய் சொல்வாங்க? அப்போ தேடிப் படிச்சது தான் இந்த பி-ஃபிளாக் கதை, அமெரிக்காவுல நம்மள மாதிரி பிள்ளைகளோட பெத்தவங்க சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு.

நியூயார்க்ல ஜீன் மேன்ஃபோர்டுன்னு ஒரு ஸ்கூல் டீச்சர். சத்தமா பேசவே கூச்சப்படுற ஆளாம். அவங்க பையன் மார்ட்டி, காலேஜ் டைம்லயே கே உரிமைக்காக ஓடிட்டு இருந்தவன். ஒரு தடவ நடுராத்திரி போலீஸ்ல இருந்து போன் பண்ணி அவன அரெஸ்ட் பண்ணிருக்கோம், அவன் அந்த மாதிரி ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. தெரியுமே, அவன ஏன் தொந்தரவு பண்றீங்கன்னு இவங்க திருப்பிக் கேட்டாங்களாம். கூச்ச சுபாவமாம்!

1972 ஏப்ரல்ல, பத்திரிகைக்காரங்களும் அரசியல்வாதிகளும் கூடின ஒரு டின்னர்ல நோட்டீஸ் கொடுக்கப் போன மார்ட்டிய போட்டு அடிச்சிருக்காங்க, போலீஸ் வேடிக்கை பாத்துட்டு நின்னிருக்கு. ஜீனுக்கு கோவம் தலைக்கேறி நியூயார்க் போஸ்ட் பேப்பருக்கு லெட்டர் எழுதிட்டாங்க, அதுல என் பையன் தன்பாலீர்ப்பாளன், அவன் மேல எனக்குப் பாசம்னு பளிச்னு போட்டாங்க. சொந்தப் பேரோட. அந்த நேரம் நியூயார்க்ல தன்பால் உறவே சட்டப்படி குத்தம், 1980ல தான் கோர்ட் அந்தச் சட்டத்த தூக்குச்சு.

அடுத்து ஜூன் மாசம். 1969ல நியூயார்க்ல ஸ்டோன்வால்ங்கிற கே பார்ல போலீஸ் ரெய்டு வந்தப்போ எதிர்த்து வெடிச்ச ஸ்டோன்வால் கலவரத்த நினைச்சு வருஷா வருஷம் நடக்குற ஊர்வலத்துக்கு மார்ட்டி கூப்பிட, சரி வரேன், ஆனா கையில ஒரு அட்டையோட தான் வருவேன்னு சொல்லிட்டாங்க. கே பிள்ளைகளோட பெத்தவங்களே, நம்ம பிள்ளைகளுக்கு ஆதரவா ஒன்னு சேருங்க, இதான் அட்டையில இருந்தது. ரோட்டோரம் நின்ன கூட்டம் கத்துது, கை தட்டுது, இவங்களுக்கு ஒன்னும் புரியல. பின்னாடி குழந்தை வளர்ப்பு புக் எழுதின டாக்டர் ஸ்பாக் வந்துட்டு இருந்தாராம், அவருக்குத் தான் கை தட்டுறாங்கன்னு இவங்களா நினைச்சிக்கிட்டாங்க. அப்புறம் பசங்க ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, முத்தம் குடுத்து, அழுதுகிட்டே கேட்டது ஒன்னே ஒன்னு தான், எங்க அம்மாகிட்டயும் பேசுறீங்களா? இந்த எடத்துல போன கீழ வச்சிட்டேன், மேல படிக்க முடியல.

பேசுனாங்க. போன்ல ஒவ்வொருத்தரா பேசி மாளலன்னு 1973 மார்ச்ல கிரீனிச் வில்லேஜ்ல ஒரு மெதடிஸ்ட் சர்ச்ல முதல் கூட்டம் போட்டாங்க. வந்தது சுமார் 20 பேர். கம்மியா தெரியும், ஆனா யோசிச்சுப் பாருங்க, அமெரிக்க மனநல டாக்டருங்க சங்கம் தன்பாலீர்ப்ப நோய் லிஸ்ட்ல இருந்து எடுத்ததே அந்த வருஷம் டிசம்பர்ல தான், அதாவது உங்க பிள்ளைக்கு வியாதின்னு டாக்டரே சொல்லிட்டு இருந்த காலத்துல 20 பேரு படியேறி வந்திருக்காங்க.

அப்புறம் வேற ஊர்கள்லயும் இப்படி பெத்தவங்க குரூப் முளைச்சு, 1980 வாக்குல பேப்பர்ல வாசகர்களுக்கு யோசனை சொல்ற டியர் ஆபிங்கிற பகுதில இவங்களப் பத்தி வந்ததும் 7,000 லெட்டருக்கு மேல குவிஞ்சுதாம். வெளிய சொல்லாம வீட்டுக்குள்ள உக்காந்து பேனா எடுத்தவங்க 7,000 பேர். 1981ல எல்லாரும் சேர்ந்து தேசிய அமைப்பாக்கினாங்க, அடெல் ஸ்டார்னு லாஸ் ஏஞ்சல்ஸ் அம்மா ஒருத்தங்க தான் முதல் தலைவர். பேரு மட்டும் மாறிட்டே வந்துச்சு, பேரன்ட்ஸ் ஆஃப் கேஸ்னு ஆரம்பிச்சு (தமிழ்ல எழுதினா கோர்ட் கேஸ் மாதிரி இருக்கு, மன்னிச்சிருங்க) ஃப்ரெண்ட்ஸ், ஃபேமிலின்னு சேர்த்து, 1998ல திருநர்களையும் அவங்க நோக்கத்துல சேர்த்தாங்க. அது கொஞ்சம் லேட்டு தான்னு எனக்குத் தோணுது.

மார்ட்டி வக்கீலாகி அரசாங்கத்துலயும் வேலை பாத்து 1992ல எய்ட்ஸ்ல போயிட்டாரு, வயசு 41. மூத்த பையனையும் ஜீன் முன்னாடியே பறிகொடுத்திருந்தாங்க. அவங்க 2013 ஜனவரில 92 வயசுல போனாங்க, அடுத்த மாசம் ஒபாமா அவங்க பேர்ல ஜனாதிபதி குடிமக்கள் பதக்கம் குடுத்தாரு, பொண்ணு தான் வாங்கிக்கிட்டாங்க.

இத எல்லாம் எங்க அம்மாவுக்கு ஒரு நாள் உக்காந்து கதையா சொன்னேன். போலீஸ் போன் பண்ண எடத்துல சிரிச்சாங்க. முடிச்சதும் என்ன கேப்பாங்கன்னு பாத்தா, அந்தம்மா வீட்டுக்காரர் என்ன சொன்னாருன்னு கேட்டாங்க.

அவரு பல் டாக்டரும்மா, பேரு ஜூல்ஸ், குரூப் ஆரம்பிச்சப்போ அவரும் கூடவே இருந்தாருன்னேன்.

ஓன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.