மகா ஓயா வெந்நீரும் மாமாவின் கேள்வியும்

போன மாதம் குடும்பமாக மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் வந்தோம். செங்கலடியில் பதுளை வீதியால் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை எல்லாம் தாண்டிப் போகவேண்டும். வாளியில் அள்ளிய தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்த மாமா, கையை உதறிக்கொண்டு, “இதுக்குள்ள ஒரு சீவனும் தங்காது, என்ன மருமகன்?” என்றார். தங்கும் மாமா, அதைப் பிடித்து ஆராயவே வெளிநாட்டில் அரசாங்கம் காசு கொடுத்தது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னிச்சைப் பக்கம் வயல் செய்கிறவர். “வாய்க்கால் தூர்ந்து கிடக்கு, யானைக்கு வேலி இல்ல, இதுக்குள்ள சுடுதண்ணிப் பூச்சிக்குக் காசா?”

நியாயமான கேள்வி. பிள்ளைகள் தண்ணீருக்கு அடிபட்டுக்கொண்டு நின்றதில் அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1966ல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் புரொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றிலிருந்து, 70 பாகைச் சூட்டிலும் சுகமாக வளரும் ஒரு பக்டீரியாவை எடுத்தார்கள். செலவுக்குக் கைகொடுத்தது அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம், அதாவது வரிப்பணம். இதை எங்கே விற்பது என்று அப்போது கேட்டிருந்தால் பதிலே இருந்திருக்காது.

1983ல் கரி முல்லிஸ், மரபணுத் துண்டு ஒன்றைக் கோடிக்கணக்கில் பிரதி எடுக்கும் பிசிஆர் முறையைக் கண்டுபிடித்தார். மரபணுவின் இரண்டு இழையும் பிரிய, ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் பிரதி எடுக்கும் நொதியம் கெட்டுவிடும், சுற்றுக்குச் சுற்று புதிதாக விடவேண்டும். அந்த வெந்நீர் பக்டீரியாவின் நொதியமோ அந்தச் சூட்டைத் தாங்கி நின்றது. ஒருதரம் விட்டால் போதும், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டிவிடும். முல்லிஸ் வேலை செய்தது தனியார் கம்பனியில், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பக்டீரியாவைத் தேடி அந்த ஊற்றுக்கு எந்தக் கம்பனியும் போகவில்லையே. லாபம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கம்பனி வரும், அதற்கு முந்திய இருட்டில் நடக்கிறவனுக்குப் பொதுப்பணம்தான் துணை.

கொரோனா காலத்தில் மாமாவின் மகளுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போனார்களே, இரண்டு நாளாக பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவின் போனுக்காக வீடே காத்திருந்ததே, அந்த முடிவைச் சொன்னது இதே பிசிஆர்தான். இறால் குஞ்சைக் குளத்தில் விடுமுன் வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதால்தான்.

வாய்க்காலா ஆராய்ச்சியா என்று இரண்டையும் மோதவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது பல வருடங்களாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்துக்கும் கீழே. அதைப் பிடுங்கிப் போட்டாலும் வாய்க்கால் நிறையாது மாமா.

பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பிக்கும் என் சிநேகிதி ஒருத்தி இதே கிணறுகளில் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறாள். ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டைத் திறந்து காட்டினாள், சின்னச் சின்னப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனையால் திகதியும் எத்தனை பாகைச் சூடு என்பதும் எழுதியிருக்கிறது. இரசாயனம் வாங்கக் கேட்ட காசு இன்னும் வரவில்லை. முதல் போத்தலின் திகதி 2022.