அலைமேல உக்காந்து கப்பல் வரஞ்ச மனுசன்

போன ஞாயித்துக்கிழம குளச்சல் கடற்கரையில, 1741ல திருவிதாங்கூர் ராசா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்கள தோக்கடிச்சதுக்கு நிக்குற வெற்றித்தூண் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தக் கப்பலெல்லாம் பாய் விரிச்சு நின்னா எப்டி இருந்திருக்கும்னு ஒரே யோசனை, வீட்டுக்கு வந்து போன்ல தேடுனா வில்லெம் வான் டி வெல்டேன்னு ஒரு டச்சு ஓவியர் கிடைச்சாரு, ஆனா அவரு இந்தச் சண்டைக்கு ரொம்ப முந்தி, 1693லயே செத்துட்டாரு.

இந்த மனுசன் கரையில இருந்து கேட்டு வரையல. சின்னப் படகுல டச்சுக் கடற்படை கூடவே போயி, 1666ல இங்கிலீஷ்காரங்களோட நாலு நாள் நடந்த சண்டைய நேர்ல பாத்து வரஞ்சிருக்காரு. பென்சில் கோடு, அதுமேல சாம்பல் கலர் மை, அவ்ளோதான். கப்பல் வரிசை ஒரு தாள்ல அடங்காதுல்ல, அதனால தாள் தாளா ஒட்டி நீளமா இழுத்துருக்காரு, கூடவே கையால எழுதுன குறிப்பு வேற. ஒரு படத்த பெருசாக்கிப் பாத்தேன், தூரத்துக் கப்பல் வெறும் ரெண்டு மூணு கீறல்தான், ஆனா காத்து எந்தப் பக்கம்னு கொடியப் பாத்தா தெரியுது. எங்க பாட்டாவும் இப்டித்தான், தூரத்துல வர்ற பாயப் பாத்தே யாரு வள்ளம்னு சொல்லிருவாரு.

அப்புறம் ஓவியரான மகனோட இங்கிலாந்து போயிட்டாரு. 1674ல ராசா ரெண்டாம் சார்லஸ், வரையறதுக்கு அப்பாவுக்கு வருசம் 100 பவுண்டு, அத கலர்ல தீட்ட மகனுக்கு 100 பவுண்டுன்னு குடுத்தாரு. எனக்கு மகனோட ஆயில் பெயிண்டிங்க விட அப்பா வரஞ்ச தாள்தான் புடிச்சிருக்கு, அதுல கடலோட ஈரம் அப்டியே இருக்கு. லண்டன்ல இருக்குற கிரீனிச் மியூசியத்துல நிறைய வச்சிருக்காங்க. நம்ம குளச்சல் சண்டையப்பவும் இப்டி ஒருத்தர் படகுல இருந்திருக்கணும்!