கூம்புக்குள் ஒரு வாரம்

2017 செப்டம்பர். புளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள டாம்பாவில் ஓர் அலுவலகத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. 6ஆம் தேதி இர்மா சூறாவளி மணிக்கு 290 கிலோமீட்டர் வேகக் காற்றோடு பார்புடா தீவைச் சிதைத்துவிட்டு எங்கள் மாநிலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாநிலத்தில் எந்தப் பக்கம் என்பதில்தான் குழப்பம்.

காலை 5, 11. மாலை 5, இரவு 11. தேசிய சூறாவளி மையத்தின் அறிக்கை வரும் நேரங்கள். அந்த வாரம் எங்கள் தூக்கமும் சாப்பாடும் இவற்றைச் சுற்றித்தான். வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கூம்பு, நடுவே புயல் போகும் என்று கணித்த பாதையாக ஒரு கோடு. எல்லார் கண்ணும் கோட்டின் மேல். புயலின் மையம் மூன்று தடவையில் இரண்டு தடவை இந்தக் கூம்புக்குள் இருக்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். காற்றும் மழையும் அதற்கு வெளியிலும் அடிக்கும். மேலாளரிடம் மூன்று முறை விளக்கினேன். நான்காம் முறை, "அதெல்லாம் சரி, நமக்கு வருமா வராதா?" என்றார்.

வியாழன்வரை கோடு கிழக்குக் கரையில் மியாமி பக்கம் இருந்தது. அங்கிருந்து நண்பர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். டாம்பாக்காரர்கள் பலர் அசைவதாக இல்லை. 1921க்குப் பிறகு பெரிய சூறாவளி எதுவும் இங்கே நேராக மோதியதில்லையாம். பூர்வகுடிகளின் புதைமேடுகள் ஊரைக் காக்கின்றன என்று நம்புகிறவர்களும் உண்டு. 2004இல் சார்லி இங்கேதான் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் திரும்பி, தெற்கே புன்டா கோர்டாவை அடித்தது. அதிலிருந்து பலருக்கும் ஒரு தெம்பு.

சர்வர்களில் ஓடும் சேவைகளை வடக்கே அட்லாண்டாவிலுள்ள எங்கள் மாற்று சர்வர் மையத்துக்கு நகர்த்த ஒன்பது மணி நேரம் வேண்டும். காற்று வலுத்துவிட்டால் அலுவலகத்துக்குள் ஆள் நுழைய முடியாது. வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டேன். கோடு அப்போதும் எங்களுக்குக் கிழக்கேதான் இருந்தது. அவசரக்குடுக்கை என்ற பெயர் கிடைத்தது.

சனிக்கிழமை காலை கோடு மேற்கே நகர்ந்து எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. நண்பர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. அட்லாண்டாவுக்கும் வெப்பமண்டலப் புயல் எச்சரிக்கை வந்தது, அந்த நகரத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக. மாற்று மையத்துக்கு ஒரு மாற்று எங்களிடம் இல்லை.

ஞாயிறு காலை இர்மா புளோரிடாவின் தென்முனையிலுள்ள கட்ஜோ கீ தீவில் கரையேறியது. முன்னே வீசிய காற்று டாம்பா விரிகுடாவின் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிட, வெறும் சேற்றுத் தரையில் ஜனங்கள் நடந்து போட்டோ எடுத்தார்கள். போன தண்ணீர் திரும்பி வருமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரவில் புயல் வலுக்குறைந்து, நகருக்குக் கிழக்கே உள்நாட்டு வழியாகக் கடந்தது. மின்சாரம் போயிற்று. அட்லாண்டா தாங்கியது.

மறுநாள் மேலாளர் போன் செய்தார். சர்வர்களைப் பற்றிக் கேட்கவில்லை. அட்லாண்டிக்கில் ஹோசே என்ற அடுத்த சூறாவளி, திசை தெரியாமல் ஒரு வட்டம் சுற்றக் கிளம்பியிருந்தது.

"இது நமக்கு வருமா?"